தவிட்டுக்கும் கணக்குக் கேட்ட மும்பைத் தணிக்கையாளர்: ஜே.சி. குமரப்பாவின் வாழ்க்கை

மாட்டுங்கா உணவகங்களின் காலைச் சிற்றுண்டி, தாராவியின் சந்துகளில் விடியுமுன்பே வெந்து நகரெங்கும் கூடைகளில் புறப்படும் இட்லி, செம்பூர்க் குடும்பங்களின் மதியச் சோறு என மும்பைத் தமிழரின் நாள் அரிசியோடு தொடங்கி அரிசியோடு முடிகிறது. அந்த அரிசி பெரும்பாலும் ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளை அரிசி. உணவில் நார்ச்சத்து குறைந்துவிட்டது, குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கு இரை கிடைப்பதில்லை என்று மருத்துவர்கள் இன்று எச்சரிக்கின்றனர். நார்ச்சத்து சேர்த்த பிஸ்கெட்டுகளும் பானங்களும் அங்காடி அடுக்குகளில் இடம்பிடித்துள்ளன.

நெல்லிலிருந்து நீக்கப்படும் தவிடு எங்கே போகிறது, அதனால் உண்பவருக்கு ஏற்படும் இழப்பு என்ன என்ற கேள்வியை ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே நாடு முழுவதும் கொண்டு சென்ற ஒரு தமிழர், இதே மும்பையில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தியவர். காந்தியப் பொருளியலின் முதன்மைச் சிந்தனையாளராகக் கருதப்படும் ஜே.சி. குமரப்பாவே அவர்.

தஞ்சையிலிருந்து மும்பைக்கு

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் குமரப்பா. பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். தந்தை சாலமன் துரைசாமி கார்னீலியஸ் அரசின் பொதுப்பணித் துறையில் பணிபுரிந்தவர். தாயார் எஸ்தர் ராஜநாயகம். சென்னையில் கல்வி பயின்ற இளைஞர், கணக்குத் தணிக்கைப் பயிற்சிக்காக 1913-ஆம் ஆண்டு லண்டன் சென்றார். முதல் உலகப் போர்க் காலம் முழுவதும் அங்கேயே தங்கித் தேர்ச்சி பெற்று, அங்கேயே பணியாற்றவும் செய்தார்.

தாயின் வற்புறுத்தலால் 1919-இல் நாடு திரும்பிய அவர், தொழில் நடத்தத் தேர்ந்தெடுத்த நகரம் அன்றைய பம்பாய். துறைமுகம், பருத்தி ஆலைகள், வங்கிகள் என வணிகத்தின் தலைநகராக விளங்கிய அந்நகரில் தணிக்கையாளருக்கு வேலைக்குக் குறைவில்லை. 1924-இல் கார்னீலியஸ் அண்ட் தாவர் என்ற தணிக்கை நிறுவனத்தைத் தொடங்கினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கவழக்கங்கள், நல்ல வருமானம் என்று அவர் வாழ்க்கை அமைந்திருந்தது. விடுதலை இயக்கத்தோடு அப்போது அவருக்குத் தொடர்பு ஏதும் இல்லை.

ஆயினும் அந்த மும்பை ஆண்டுகள் அவருக்குத் தந்த ஒரு பழக்கம் இறுதிவரை நிலைத்தது. ஒரு தொழில் இலாபம் ஈட்டியதாகக் காட்டும்போது, அந்த இலாபம் யாருடைய ஏட்டிலிருந்து கழிக்கப்பட்டது என்று தேடும் பழக்கம் அது. வரவு எழுதிய இடத்துக்கு எதிரே செலவு எழுதப்படாமல் இருந்தால் கணக்கு நேராகாது என்பது தணிக்கைத் தொழிலின் அரிச்சுவடி. பிற்காலத்தில் அரசின் வரவு செலவையும், ஆலையின் இலாபத்தையும், ஒரு படி அரிசியின் சத்தையும் குமரப்பா இதே கண்கொண்டே பார்த்தார்.

வறுமைக்குக் காரணம் தேடியவர்

1927-இல் அமெரிக்கா சென்ற அவர், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், பின்னர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியலும் பயின்றார். கொலம்பியாவில் அவருக்கு வழிகாட்டியவர் அக்காலத்தின் புகழ்பெற்ற பொருளியலாளர் செலிக்மன். இந்தியாவின் வறுமைக்கும் பிரிட்டிஷ் அரசின் நிதிக் கொள்கைக்கும் உள்ள தொடர்பையே குமரப்பா ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஆங்கிலேய ஆட்சியின் நற்பயனை ஐயமின்றி நம்பியிருந்த தணிக்கையாளரை, அந்த ஆட்சியின் கணக்கேடுகளே மாற்றின.

1929-இல் மும்பை திரும்பியவர், தம் ஆய்வேட்டை வெளியிட வழி தேடியபோது நண்பர்கள் காந்தியடிகளைச் சந்திக்குமாறு கூறினர். 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்தில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. மரத்தடியில் தரையில் அமர்ந்து இராட்டை சுற்றிக்கொண்டிருந்த முதியவரே காந்தி என்பதை அறிந்த குமரப்பா, தாம் அணிந்திருந்த மேல்நாட்டு உடையோடு அதே தரையில் அமர்ந்தார். ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. கார்னீலியஸ் என்ற பெயரை விடுத்துக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை அவர் ஏற்றதும் இக்காலத்தில்தான்.

குஜராத் வித்யாபீடத்தில் பேராசிரியரானதும் காந்தியடிகள் அவருக்கு அளித்த முதல் பெரும்பணி, கேடா மாவட்டத்தின் மாதர் வட்டத்துக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆராய்வது. மாணவர்களோடு வீடு வீடாகச் சென்று வருவாய், கடன், வரி, உணவு ஆகியவற்றைப் பதிவு செய்தார். இந்தியக் கிராமப் பொருளாதார ஆய்வுகளில் முன்னோடியாகக் கருதப்படும் அந்த அறிக்கை 1931-இல் வெளியானது. உழவர் வீட்டு அடுப்பங்கரையைப் பொருளியல் ஏட்டுக்குள் கொண்டுவந்த முதல் அனுபவம் அவருக்கு அதுவே.

உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் யங் இந்தியா இதழுக்குப் பொறுப்பேற்று எழுதியதற்காகச் சிறை சென்றார். 1934 ஜனவரி 15 அன்று பிகாரைத் தாக்கிய நிலநடுக்கத்தின்போது, ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவின் நிதிப் பொறுப்பை ஏற்றார். தொண்டர் ஒருவரின் உணவுக்கு நாளொன்றுக்கு 3 அணா மட்டுமே என வரம்பு விதித்த அவர், பிகாருக்கு வந்த காந்தியடிகளின் குழுவுக்கும் அந்த வரம்பைத் தளர்த்த மறுத்துவிட்டார். காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார். கணக்கில் ஆளுக்கொரு நீதி இல்லை என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

மும்பை மாநாடு தந்த பொறுப்பு

1934 அக்டோபரில் காங்கிரஸ் பேரியக்கத்தின் மாநாடு மும்பையில் கூடியது. கிராமத் தொழில்களை மீட்டெடுக்க ஒரு தனி அமைப்பை நிறுவுவதென்றும், காந்தியடிகளின் ஆலோசனையின்படி அதனை அமைக்கும் பொறுப்பைக் குமரப்பாவிடம் ஒப்படைப்பதென்றும் அங்கு தீர்மானிக்கப்பட்டது. அதன்படி அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் 1934 டிசம்பரில் வார்தாவில் தோன்றியது. ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டம் மகன்வாடி என்ற பெயரில் அதன் தலைமையிடமாயிற்று. சகோதரர் பாரதன் குமரப்பாவும் இப்பணியில் உடன் நின்றார்.

எண்ணெய்ச் செக்கு, வெல்லம் காய்ச்சுதல், தேனீ வளர்ப்பு, கைக் காகிதம் எனப் பல தொழில்களைச் சங்கம் மேற்கொண்டது. அவற்றுள் முன்னணியில் நின்றவை நெல் குத்துதலும் மாவு அரைத்தலும். காரணம் எளிது. உடுக்கும் துணியைப் போலவே உண்ணும் தானியமும் ஒவ்வொரு வீட்டுக்கும் நாள்தோறும் தேவை. ஆலைகள் கிராமங்களுக்குள் நுழைந்த வேகத்தில், உரலும் திருகையும் மூலைக்குச் சென்றுகொண்டிருந்தன.

ஒரு நெல்மணியின் வரவு செலவு

நெல்லின் மேற்புறத்தில் இருப்பது உமி. அது மனிதர் உண்ணத் தகாதது. உமிக்கு உள்ளே அரிசியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலங்கள்தான் தவிடு. மணியின் ஒரு முனையில் முளைக்கரு உள்ளது. இவற்றுக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. உலக்கையால் அளவோடு குத்திப் புடைத்தால் உமி போய்விடும், தவிட்டின் பெரும்பகுதி அரிசியோடு தங்கும். ஆலையில் தீட்டும்போது தவிடும் முளையும் நீங்கி, வெண்மையான மாவுச்சத்து மட்டும் எஞ்சும்.

இதில் ஆலைக்கு ஒரு வசதி உண்டு. தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால், தீட்டாத அரிசி சில மாதங்களில் சிக்கு வாடை பெறும். பூச்சியும் எளிதில் விழும். தீட்டிய அரிசி நெடுநாள் கிடங்கில் இருக்கும், நெடுந்தொலைவும் செல்லும். மும்பை போன்ற நகரம் தன் சோற்றுக்குத் தொலைதூர வயல்களை நம்பியிருக்கிறது. அத்தகைய நகரத்துக்குக் கெடாத அரிசியே தேவைப்பட்டது. வெள்ளை அரிசி நாகரிகத்தின் அடையாளமாகவும் ஆனது.

குமரப்பா இந்த வசதிக்கு எதிரே எழுதப்படாத செலவுகளைப் பட்டியலிட்டார். தானியத்தின் உயிர்ச்சத்தும் தாதுக்களும் தவிட்டோடு போகின்றன. நெல் குத்திக் கூலி பெற்ற கிராமப் பெண்களின் வேலை போகிறது. கிராமத்திலேயே தங்கியிருக்க வேண்டிய வருவாய் ஆலை உரிமையாளரிடம் போகிறது. உண்பவர் சத்து குறைந்த பொருளை வாங்கி, குறைந்த சத்தை ஈடுசெய்ய வேறு உணவுக்கும் மருந்துக்கும் செலவிடுகிறார். இவை எவையும் ஆலையின் ஏட்டில் இடம்பெறுவதில்லை என்பதே அவர் வாதத்தின் சாரம்.

அவருடைய வாதத்துக்கு அறிவியல் துணையும் இருந்தது, அதுவும் தமிழ் மண்ணிலிருந்தே. நீலகிரியின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசியோடு தொடர்புடைய பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு ஆய்வகத்தை நடத்தத் தொடங்கினார். சத்துக் குறைந்த உணவு முதலில் தாக்கும் உறுப்புகளுள் குடலும் ஒன்று என்பதை அவர் விலங்குகளிடம் கண்டறிந்து 1921-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்டார். முழுக் கோதுமை, பருப்பு, பால், காய்கறி உண்ட எலிகள் திடமாக வளர்ந்தன. தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட அன்றைய சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்தன. அந்தக் குன்னூர் ஆய்வகமே 1958-இல் ஹைதராபாதுக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

காந்தியடிகளும் மருத்துவர்கள், வேதியியலாளர்கள் ஆகியோரிடம் தீட்டாத அரிசி பற்றிக் கருத்துக் கேட்டு ஹரிஜன் இதழில் எழுதினார். குமரப்பாவின் சங்கம் அந்தக் கருத்துகளைச் செயலாக்க முனைந்தது. உமியை மட்டும் நீக்கித் தவிட்டைக் காக்கும் எளிய திருகைகளை மகன்வாடியில் சோதித்தனர். ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்துக் கிராமங்களுக்கு அனுப்பினர். 1938 டிசம்பரில் காந்தியடிகள் வார்தாவில் திறந்துவைத்த மகன் அருங்காட்சியகத்தில் இத்தகைய கருவிகள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

உலக்கை யார் கையில்?

குமரப்பாவின் இயக்கத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. நெல் குத்துவது கடும் உழைப்பு. அவ்வுழைப்பு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. விடியலில் உலக்கை பிடித்த கைகளுக்கு ஆலை ஓர் ஓய்வாகவே தோன்றியது. கூலியாக நெல் குத்தியவர் வேலையை இழந்தபோதும், தம் வீட்டுக்குக் குத்தியவர் ஆலையை வரவேற்றார். சத்துக்கும் ஓய்வுக்கும் இடையே ஒரு குடும்பத் தலைவி ஓய்வைத் தேர்ந்தெடுத்தால் அவரைக் குறைசொல்ல இயலாது.

இந்த முரணைத் தீர்க்கச் சங்கம் நாடிய வழி, உழைப்பைக் குறைக்கும் மேம்பட்ட கருவிகளே. ஆனால் ஆலையின் வேகத்தோடு அவை போட்டியிட இயலவில்லை. இயந்திரம் அனைத்தையும் குமரப்பா வெறுத்தார் என்பதும் சரியன்று. தானியத்தின் சத்தையும் மனிதரின் வேலையையும் ஒருசேரப் பறிக்கும் இயந்திரத்தையே அவர் எதிர்த்தார்.

சிறையில் விளைந்த நூல்கள்

1942 இயக்கத்தின்போது மீண்டும் சிறைப்பட்ட குமரப்பா ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கு அவர் எழுதியவற்றுள் நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் புகழ்பெற்றது. இயற்கை தரும் வளத்தை அழிக்காமல், எடுத்ததை ஈடுசெய்து வாழும் பொருளாதாரமே நிலைக்கும் என்பது அதன் மையக் கருத்து. சுற்றுச்சூழல் பற்றிய உலகளாவிய பேச்சு எழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே எழுதப்பட்ட நூல் அது. 1945-இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதிய காந்தியடிகள், கிராமத் தொழில்களில் முனைவர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டி மகிழ்ந்தார்.

உணவு பற்றிய அவர் சிந்தனை இக்காலத்தில் விரிவடைந்தது. ஒரு லட்சம் மக்கள் வாழும் வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு நிறைவான உணவு கிடைக்க எந்தப் பயிருக்கு எவ்வளவு நிலம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிட்டார். தானியத்தோடு பருப்பு, கீரை, காய், கிழங்கு, பழம், எண்ணெய் வித்து, பால் ஆகிய அனைத்தும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றன. வயிறு நிறைவதும் உடல் வளர்வதும் ஒன்றல்ல என்ற புரிதல் அதில் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகப் பனைவெல்லத்தை அவர் பரிந்துரைத்ததும் இதே கணக்கில்தான். கரும்பு நல்ல நிலத்தைக் கேட்கும். பனையோ வேறொன்றும் விளையாத நிலத்திலும் வளரும்.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1949-இல் அறிக்கை அளித்தார். தொழில்மயத்தை முதன்மையாக்கிய புதிய அரசின் போக்கோடு அவர் உடன்படவில்லை. உடல்நலம் குன்றிய நிலையில் 1950-களில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கி, சுற்றுக் கிராமங்களிடையே பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்வு வாழ்ந்த அவர், காந்தியடிகளின் நினைவு நாளான 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

அவருக்குப் பின் அறிவியல் கண்டது

தவிட்டை இழப்பதால் உயிர்ச்சத்து போகிறது என்பதே குமரப்பா காலத்து அறிவியல் சொன்ன முதன்மைச் செய்தி. செரிக்காத நாரை அன்றைய ஊட்டச்சத்து நூல்கள் பெரிதாக மதிக்கவில்லை. உணவு நார் என்ற பெயர் அறிவியல் ஏட்டில் இடம்பெற்றதே 1953-இல்தான். ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்கிட், ட்ரோவெல் என்ற இரு மருத்துவர்கள், நார் மிகுந்த உணவை உண்ணும் மக்களிடம் மலச்சிக்கலும் பெருங்குடல் நோய்களும் அரிதாக இருப்பதை 1970-களில் எடுத்துக்காட்டிய பிறகே உலகம் தவிட்டின் பக்கம் திரும்பியது.

அதன் செயல்முறையும் பின்னர் தெளிவாயிற்று. நாரைச் செரிக்கும் நொதிகள் மனிதச் சிறுகுடலில் இல்லை. ஆகவே அது பெருங்குடலை முழுமையாக அடைகிறது. நாரின் ஒரு பகுதி நீரை ஈர்த்து மலத்துக்குப் பருமன் தருகிறது. மற்றொரு பகுதியை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து, அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் ஆகிய சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள செல்களுக்கு பியூட்டிரேட்டே முதன்மை எரிபொருள். நமக்கு உணவாகாத நார், இவ்வாறு சுற்றிவந்து நம் குடலுக்கே உணவாகிறது.

நன்மை தரும் நுண்ணுயிரிகளைத் தேர்ந்து வளர்க்கும் இத்தகைய உணவுக் கூறுகளுக்குப் பிரீபயாடிக் என்ற பெயர் 1995-இல் சூட்டப்பட்டது. தயிரில் உள்ளவை போன்ற உயிருள்ள நுண்ணுயிரிகள் புரோபயாடிக். அவற்றுக்கு இரையாவது பிரீபயாடிக். வெங்காயம், பூண்டு, கோதுமை, வாழைப்பழம், பருப்பு வகைகள் ஆகியவற்றில் இக்கூறுகள் இயல்பாகவே உள்ளன. துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்த சாம்பார், பெயர் தெரியாமலேயே தலைமுறைகளாக இப்பணியைச் செய்து வந்துள்ளது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணை, குமரப்பாவின் வாதத்தை எண்களில் காட்டுகிறது. 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து சுமார் 2.8 கிராம். புழுங்கலரிசியில் சுமார் 3.7 கிராம். தீட்டாத அரிசியில் சுமார் 4.4 கிராம். கம்பு, கேழ்வரகு, முழுக் கோதுமை ஆகியவற்றில் 11 கிராம் அளவுக்கு உள்ளது. மைதாவில் அது 3 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. வயது வந்தோர் நாளொன்றுக்கு இயற்கை உணவுகளிலிருந்து குறைந்தது 25 கிராம் நார் பெற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது.

இவ்வெண்கள் மற்றோர் உண்மையையும் சொல்கின்றன. தீட்டாத அரிசிக்கு மாறுவது மட்டுமே போதாது. அரிசியில் கிடைக்கும் கூடுதல் நார் ஓரிரு கிராம்தான். சிறுதானியமும் பருப்பும் கீரையும் சேர்ந்தால்தான் தேவை நிறையும். ஒரு லட்சம் மக்களுக்கான தம் திட்டத்தில் குமரப்பா எல்லா வகை உணவுக்கும் நிலம் ஒதுக்கியதன் பொருத்தம் இங்கே விளங்குகிறது. தவிட்டில் உள்ள பைட்டேட் இரும்புச் சத்தை உடல் ஈர்ப்பதைக் குறைக்கும் என்பதால், எலுமிச்சை, நெல்லி போன்றவற்றையும் உணவில் சேர்ப்பது நல்லது. நாரைப் படிப்படியாகக் கூட்டி, போதிய நீர் அருந்த வேண்டும் என்பதும், குடல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும் என்பதும் பொதுவான அறிவுரை.

சட்டம் வந்தது, வழக்கம் போனது

குமரப்பாவின் முயற்சி அரசின் ஏட்டிலும் ஒரு தடத்தை விட்டுச் சென்றது. 1958-இல் நாடாளுமன்றம் இயற்றிய அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு அனுமதியும் உரிமமும் கட்டாயம் என்றது. கைக்குத்தல் தொழிலைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கிராமத் தொழில்களுக்காக உருவான கதர் கிராமத் தொழில் ஆணையம் மும்பையின் வில்லே பார்லே பகுதியைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆயினும் ஆலைகள் பெருகுவதைச் சட்டத்தால் தடுக்க இயலவில்லை. 1997-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அதற்குள் உரலும் உலக்கையும் பெரும்பாலான வீடுகளிலிருந்து விடைபெற்றிருந்தன.

இன்று நிலைமை வேறொரு வகையில் தலைகீழாகியுள்ளது. குமரப்பா ஏழையின் உரிமையெனக் கருதிய தீட்டாத அரிசி, நகர அங்காடிகளில் வெள்ளை அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. ஒருபுறம் ஆலையில் நாரை நீக்குகிறோம். மறுபுறம் சிக்கரிக் கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த இனுலின் என்ற நாரைப் பிஸ்கெட்டிலும் பானத்திலும் சேர்த்து, அதற்குத் தனி விலை கொடுக்கிறோம். நீக்கியதற்கும் ஒரு செலவு, சேர்த்ததற்கும் ஒரு செலவு. இரண்டும் இலாபமாக எழுதப்படுவது இருவேறு நிறுவனங்களின் ஏடுகளில். இரண்டையும் சுமப்பது ஒரே குடும்பத்தின் ஏடு.

இந்தச் சுமை எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. விலையுயர்ந்த நார் உணவை வாங்க முடிந்தவருக்கு இது ஒரு தேர்வு. கிடைத்த அரிசியை வாங்கிப் பசியாறுபவருக்குத் தேர்வு என்பதே இல்லை. நாள் முழுவதும் உழைத்துத் திரும்பும் தாராவித் தொழிலாளியின் தட்டில், பருப்பும் கீரையும் குறைந்து வெள்ளைச் சோறே நிறையுமானால், அவர் குடலுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது. குமரப்பாவின் கேள்வி இன்றும் உயிரோடிருப்பது இந்த இடத்தில்தான். நல்ல உணவு எது என்ற விவாதம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. அது யாருக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது என்பது முடியவில்லை.

எட்டும் விலையில் உள்ள வழிகள் சில நம் சமையலிலேயே இருக்கின்றன. பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி, இட்லி மாவில் ஒரு பங்கு கேழ்வரகோ கம்போ, தோல் நீக்காத உளுந்து, வாரத்தில் சில நாள்களாவது கீரையும் சுண்டலும் ஆகியவை பெருஞ்செலவு வைப்பவை அல்ல. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறி நாரைப் போலவே பெருங்குடலை அடைகிறது. இரவில் நீரூற்றி வைத்த பழைய சோறு ஏழையின் காலை உணவு மட்டுமல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்னீலியஸ் என்ற பெயரில் மும்பையின் வணிகக் கணக்குகளைச் சரிபார்த்தவர், குமரப்பா என்ற பெயரில் நாட்டின் உணவுக் கணக்கைச் சரிபார்த்தார். அவர் சுட்டிக்காட்டிய குறை இன்னும் நேர் செய்யப்படவில்லை. ரேஷன் கடைகளும் பள்ளிச் சத்துணவும் எந்த அரிசியைத் தர வேண்டும், சிறுதானியமும் பருப்பும் எந்த விலையில் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுப்போர், அவர் எழுதிவைத்த அந்தச் செலவுப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நலம்.